யார் போய்ச் சொல்வது?

பொங்கலூர் வட்டாரத்துக்குத் தொலைபேசி வந்த கதையை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் ஏற்றுமதியில் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் கறிக்கோழி விலையில் தொடங்குவார்கள். திருப்பூர் முதலாளிகள் டெலெக்ஸ் வைத்தார்கள், பிறகு ஃபேக்ஸில் ஆர்டர் எடுத்தார்கள். பண்ணைக்காரர்கள் பல்லடத்தில் அறிவிக்கும் அன்றைய கோழி விலையைத் தெரிந்துகொள்ளப் போனைச் சுற்றினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்துச் சனங்கள் போனை நம்பத் தொடங்கியதும், நடுராத்திரியில் மணி அடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதும் எழவுச் சேதியால்தான். எழவு சொல்வது எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை வேலை. என் அப்பன் நடந்துபோய்ச் சொன்னார். நான் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தபடி சொன்னேன்.

பொங்கலூர் கோவை–திருச்சி சாலையில், பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே இருக்கிறது. சாலையோரத்தில்தான் கடை கண்ணி. உள்ளே இறங்கினால் தோட்டங்கள். கொங்கு நாட்டில் குடியானவர்கள் பலர் தெருவில் வரிசையாக வீடு கட்டி வாழ்கிறவர்கள் அல்லர். அவரவர் கிணற்றை ஒட்டி, அவரவர் சாளையில் இருப்பார்கள். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் இடையில் கிளுவை வேலி கட்டிய இட்டேரி நீண்டு கிடக்கும். இப்படிச் சிதறிக் கிடக்கிற ஊரில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால், தமுக்கடித்துச் சொன்னாலும் அடுத்த தோட்டத்துக்குக் கேட்காது. ஆள்தான் போக வேண்டும். அந்த ஆளாக ஊர் வைத்திருந்தது எங்கள் வளவில் இருந்த அருந்ததியர்களை. எங்களை மாதாரி என்பார்கள்.

1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். ‘பெசன்ட் சொசைட்டி இன் கொங்கு’ என்று 1972-இல் அது புத்தகமாக வந்தது. இந்தச் சீமையின் சாதிகள் ஒன்றோடொன்று எந்த முறையில் கட்டுண்டு கிடந்தன என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அது உதவும். எனக்கு அது வீட்டு விவகாரம்.

தோட்டம் வைத்திருந்த கவுண்டர்களைப் பண்ணாடி என்போம். பண்ணாடி வீட்டில் யாராவது கண்ணை மூடினால் வளவுக்கு ஆள் வரும். காய்ச்சலாக இருந்தாலும், எங்கள் வீட்டிலேயே நோயாளி கிடந்தாலும் அப்பன் புறப்பட வேண்டும். முடியாது என்று சொல்லும் வழக்கம் இல்லை. எந்தெந்த ஊருக்குப் போவது, யாருக்கு முதலில் சொல்வது என்பதை அங்கே கணக்காகச் சொல்லிவிடுவார்கள். பெண் கொடுத்த இடம், பெண் எடுத்த இடம், பிறகு பங்காளிகள். வரிசை தவறினால் அந்தக் கோபம் அடுத்த கல்யாணம் வரைக்கும் நிற்கும். ஒருவருக்குச் சொல்லாமல் விட்டால், பக்கத்துக் காட்டில் நின்று சங்குச் சத்தத்தைக் கேட்டாலும் அவர் வரமாட்டார். “எங்களுக்கு யாரு சொன்னாங்க?” என்பார். அலகுமலை, பெருந்தொழுவு, வாவிபாளையம், கொடுவாய் என்று அப்பன் இரவெல்லாம் லாந்தரோடு நடப்பார். கையில் தடி இருக்கும். சாளை நாய்கள் பொல்லாதவை.

அப்பனிடம் ஒரு பக்குவம் இருந்தது. வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று முதலில் கேட்பார். பொம்பளை தனியாக இருந்தால் சொல்லமாட்டார். அடுத்த சாளைக்குப் போய் அங்கே ஒருவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவார். “சாமி, பெரியவருக்கு நேத்துலிருந்தே சொகமில்லீங்க” என்று தொடங்குவார். வேளை கெட்ட வேளையில் அவர் தலையைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிடும். மீதியைக் கேட்டு அழுகிறவர்கள் அழுது தணியும்வரை வாசலிலேயே குந்தியிருப்பார். எப்போது எடுக்கிறார்கள், எந்த வழியாக வந்தால் சீக்கிரம் வரலாம் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வார்.

அதற்குக் கூலியாகக் கொஞ்சம் கம்போ சோளமோ கிடைக்கும். பிற்காலத்தில் சில்லறையும் பஸ் காசும் கொடுத்தார்கள். அவர் சொல்லும் பக்குவத்தை எல்லோரும் மெச்சினார்கள். மெச்சியவர்களில் யாரும் அவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னதில்லை. அந்த வீட்டுப் பொடியன்களும் அவரைப் பேர் சொல்லி ‘வாடா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் துக்கத்தை மனிதர்கள் தாங்கிக்கொண்டார்கள், இப்போது எந்திரம் வந்து மனசைக் கெடுத்துவிட்டது என்று யாராவது எழுதினால், அந்தத் துக்கத்தை யார் காலில் சுமந்து வந்தது என்று கேட்கத் தோன்றும்.

தந்தி என்பது வெளியூரில் இருந்தவர்களுக்கு. பட்டாளத்துக்குப் போனவர்கள், பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர்கள், ரயில்வேயில் இருந்தவர்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் சிலர் உண்டு. தந்திச் சேவகர் சைக்கிளில் வருவதைக் கண்டதும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே வளவில் ஒப்பாரி தொடங்கிவிடும். வேலை கிடைத்த தந்திக்கு அழுதவர்களும் உண்டு. இங்கிலீஷில் வருவதால் வாத்தியாரைத் தேடி ஓடுவார்கள். அவர்தான் முதலில் படிப்பார், படித்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தவிப்பார். தந்தி கொடுக்கிறவர்களும் உள்ளதை உள்ளபடி கொடுக்கமாட்டார்கள். ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி’ என்று அடிப்பார்கள். அதைப் படித்தவர் செத்துப்போனார் என்றே எடுத்துக்கொள்வார். ஆனாலும் ரயிலில் வருகிற இரண்டு நாளும் ‘ஒருவேளை’ என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரலாம். சொல்லுக்கு எண்ணிக் காசு கட்டிய காலத்திலும் அந்த ஒரு பொய்க்குச் செலவழித்தார்கள். தந்திச் சேவையை அரசாங்கம் 2013 ஜூலையில் நிறுத்தியபோது எங்கள் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. அதற்கு வெகு முன்னாலேயே அது எங்களுக்குச் செத்துவிட்டது.

கொன்றது டெலிபோன். ஆரம்பத்தில் அது பெரிய வீடுகளிலும் ஆபீஸ்களிலும் மட்டும் இருந்தது. வெளியூர் பேச டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1984-இல் மத்திய அரசு சி-டாட் என்ற நிறுவனத்தை அமைத்தது. நம் நாட்டு வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குகிற சின்ன கிராமத்து எக்ஸ்சேஞ்சை அவர்கள் உருவாக்கி, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவினார்கள். அதன் பிறகு சாலைக்குச் சாலை மஞ்சள் போர்டில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய பூத்துகள் முளைத்தன. பூத்து ஒதுக்கீட்டில் உடல் ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. எனக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. அப்பனின் வேலைக்கு லாயக்கற்ற பிள்ளை என்று வளவில் பரிதாபப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் காலை வைத்துத்தான் 1990-களின் தொடக்கத்தில் எனக்குப் பூத்து கிடைத்தது.

கண்ணாடி அடைத்த சின்ன அறை, ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர், பேசி முடித்ததும் கர்ரென்று பில் துப்பும் பிரிண்டர். அவ்வளவுதான் பூத்து. ராத்திரி நேரத்தில் கட்டணம் பாதியாகி, இன்னும் நேரமானால் காலாகும் என்பதால் தூங்கப் போகிற வேளையில்தான் கூட்டம் வரும். அப்போது திருப்பூரில் ஏற்றுமதி கொழித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து விசைத்தறிகளிலும் நூற்பு மில்களிலும் வெளியூர் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஊரிலும் வீட்டில் போன் இருக்காது. மளிகைக் கடை நம்பரையோ பக்கத்துத் தெரு வாத்தியார் வீட்டு நம்பரையோ பி.பி. நம்பர் என்று எழுதி வைத்திருப்பார்கள். “அம்மாவக் கொஞ்சம் கூப்பிட்டு விடுங்கண்ணே, பத்து நிமிசத்துல திரும்பப் போடுறேன்” என்று வைத்துவிட்டு, பூத்து வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். அதேபோல அவர்களுக்குப் பி.பி. நம்பர் நான்.

ஆகவே அவர்களின் சாவுச் சேதி எல்லாம் முதலில் என் காதுக்கு வந்தது. “அண்ணே, அவங்க அய்யா தவறிட்டாரு. நீங்களே பக்குவமாச் சொல்லி அனுப்புங்க” என்று முகம் தெரியாத ஒருவர் என்னிடம் ஒப்படைத்துவிட்டு வைத்துவிடுவார். பூத்துப் பையனைச் சைக்கிளில் அனுப்புவேன். ‘ஊரிலிருந்து போன் வந்தது, வரச் சொன்னாங்க’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புவேன். அதற்குள் தறிப்பட்டறையில் கூட வேலை செய்கிறவர் யாரையாவது கூப்பிட்டு, விவரம் சொல்லி, பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வேன். ஆள் வந்ததும் தண்ணீர் கொடுப்பேன். “சாப்பிட்டாச்சா தம்பி?” என்பேன். அவர்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “அண்ணே, உண்மையைச் சொல்லுங்க” என்று அவர்களே கேட்ட பிறகுதான் சொல்வேன். அப்பன் யாருக்கும் கற்றுக்கொடுக்காத வேலை அது. எப்படியோ எனக்கு வந்திருந்தது.

இதற்குள் அப்பனின் வேலை முடிந்துபோயிருந்தது. வளவுப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவனை எழவு சொல்லப் போ என்று யாரும் எளிதில் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் அவன் ஊரில் இல்லை. உள்ளூர்த் தறியில் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்டவர்களுக்குத்தான் அந்த விடுதலை தாமதமாக வந்தது. ஆக, போன் மட்டுமே எங்களை விடுவித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் போன் இல்லாதிருந்தால் பண்ணாடிகள் இன்னும் கொஞ்ச காலம் வளவு வாசலில் வந்து நின்றிருப்பார்கள். அப்பனை வாசலுக்கு வெளியே நிறுத்திய வீடுகளிலிருந்து பூத்துக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, “ஏனுங்க தம்பி, லைன் கெடைச்சுதுங்களா?” என்று என்னைக் கேட்டார்கள். துக்கத்தில் வந்தவர்களின் வாயிலிருந்து வந்த அந்த ‘ங்க’ எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல நான் வெட்கப்படவில்லை.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு சண்டை அடிக்கடி வரும். “போன்ல சொன்னாப் போதுமா? ஒரு ஆள் அனுப்ப முடியலியா?” என்று சம்பந்தி வீட்டார் முறுக்கிக்கொள்வார்கள். பெரியவர்கள் போய்ச் சமாதானம் செய்வார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சண்டை அடங்கிப்போனது. போனில் கூப்பிட்டுச் சொல்வதே மரியாதை என்றானது. இப்போது வேறு சண்டை: “வாட்ஸ்அப் குரூப்புல போட்டாப் போதுமா? ஒரு போன் பண்ண முடியலியா?” முன்பு அவமரியாதையாக இருந்த போன்தான் இன்றைக்கு மரியாதைக்கு உரைகல். புதுக் கருவி எது வந்தாலும் அதற்கு முந்தையதில் பாசம் இருந்ததாக நமக்குத் தோன்றிவிடுகிறது. பழையதில் இன்னொரு மனிதர் கொஞ்சம் கூடுதல் சிரமப்பட்டார் என்பதைத் தவிர வேறு விசேஷம் இல்லை. நமக்காக ஒருவர் சிரமப்பட்டாரா என்பதைத்தான் துக்கத்தில் அளந்து பார்க்கிறோம்.

செல்போன் நாட்டுக்கு 1995-இல் வந்தது. எங்கள் பக்கம் அது கைக்குக் கை பரவியது 2003-க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும் என்ற முறை போனது. பி.பி. நம்பர் தேவையில்லாமல் ஆனது. என் மீட்டரும் ஓய்ந்தது. பூத்தை ஜெராக்ஸ் கடையாக்கினேன். சேதி நேராக உரியவர் காதுக்கே போகத் தொடங்கியது. நல்லதுதானே என்று நினைத்தோம். அது எந்த நிலையில் இருக்கும் காதுக்குப் போகிறது என்பதை யோசிக்கவில்லை. ஓவர்லாக் மெஷினில் பீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, நால்வழிச் சாலையில் வண்டி ஓட்டும்போது, பஸ் படியில் தொங்கும்போது சேதி வருகிறது. பக்கத்தில் நிற்க வைக்க யாரும் இல்லை. கேட்டவரே தாங்கி, கேட்டவரே லீவு சொல்லி, கேட்டவரே பஸ் பிடிக்க வேண்டும்.

நடுவில் ஆள் இருப்பதே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. இதே வட்டாரத்தில் நூற்பு மில் விடுதிகளில் தங்கி வேலை செய்த இளம்பெண்களுக்குப் பல இடங்களில் செல்போன் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்த அந்த வேலைமுறையைப் பற்றி நெதர்லாந்தின் சோமோ என்ற ஆய்வு நிறுவனமும் ஐ.சி.என். அமைப்பும் 2011-இல் ‘கேப்ச்சர்ட் பை காட்டன்’ என்ற அறிக்கையை வெளியிட்டன. வெளியே போகவும் வீட்டாரோடு பேசவும் இருந்த கட்டுப்பாடுகளை அது விவரித்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஊரிலிருந்து வரும் சேதி முதலில் வார்டனுக்குப் போகும். எப்போது சொல்வது என்பதை அவர் தீர்மானிப்பார். நானும் சேதியைத் தாமதித்தேன், வார்டனும் தாமதிப்பார். நான் தாமதித்தது பக்கத்தில் ஆள் வந்து சேரும்வரை. ஷிப்ட் முடியும்வரை தாமதிக்கிற ஒருவர் அந்தப் பெண்ணின் துக்கத்தில் மில்லின் உற்பத்தியைப் பார்க்கிறார். இதனால்தான் இன்று கைக்குக் கை போன் இருப்பதை நான் குறை சொல்வதில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து, இணையம் மலிந்து, எங்கள் தறிப்பட்டறை வரைக்கும் வாட்ஸ்அப் வந்துவிட்டது. இப்போது மகளுக்கு முன்னால் மகளின் தோழிக்குத் தெரிகிறது. யாரோ ஒரு தம்பி, மாலை போட்ட படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறான். பெங்களூரில் இருக்கிற பேத்தி காபி குடித்துக்கொண்டே அதைத் தள்ளிப் பார்க்கிறாள். அந்தத் தம்பிக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவன் அஞ்சலி செலுத்துகிறான். வரிசை என்று ஒன்று இருந்தது அவனுக்குத் தெரியாது. அப்பன் காலத்து வரிசையில் சாதியும் சம்பந்தி கௌரவமும் இருந்தன. கூடவே, மிக அதிகமாக உடையப் போகிறவர்கள் முதலில், அருகிலிருந்து கேட்க வேண்டும் என்ற நியாயமும் இருந்தது.

அதே போன் எட்டாத இடத்தை எட்டவும் வைத்தது. 2020 ஊரடங்கில் சாவுக்குப் போகவும் இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பாஸுக்கு விண்ணப்பிக்க என் கடைக்கு வந்தவர்கள் கை நடுங்கியபடி நின்றார்கள். பிகாருக்கும் ஒடிசாவுக்கும் போக வழியில்லாத தொழிலாளர்கள் திருப்பூர் அறைகளில் உட்கார்ந்து, தகப்பனின் முகத்தை வீடியோ காலில் பார்த்தார்கள். போன் இல்லாதிருந்தால் அந்தக் கடைசிப் பார்வையும் இல்லை.

மூன்று ஆண்டு கழித்து அதே தொழிலாளர்களுக்குப் பொய்யான எழவுச் சேதி வந்தது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுவதாக வீடியோக்கள் வட இந்தியா எங்கும் பரவின. அவை பொய் என்று டி.ஜி.பி. சைலேந்திர பாபு அறிவித்தார். ஒன்று திருப்பூரில் பிகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த அடிதடி, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்தது என்று விளக்கினார். பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து விசாரித்தார்கள். ஆனால் அதற்குள் கிராமத்தில் இருந்த தாய்மார்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கும் மகனுக்குப் போன் போட்டு அழுதார்கள். ஹோலிப் பண்டிகையும் சேர்ந்து வர, பலர் ரயில் ஏறினார்கள். என் கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்த பையன் ஒருவன், “அங்கிள், நான் நல்லா இருக்கேன்னு எங்க அம்மா நம்ப மாட்டேங்குறாங்க” என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். என்னை வீடியோ காலில் காட்டி, கடைக்காரரோடு நிற்கிறேன் பார் என்றான். அந்த அம்மாவுக்கு என் மொழி தெரியாது. பக்கத்தில் வயசான ஒருவர் நிற்கிறார் என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் தணிந்தது.

சேதிக்கு ஒரு முகம் வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. 1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படையினர் பெருமளவில் மடிந்தார்கள். ஃபோர்ட் பென்னிங் முகாமை ஒட்டிய குடியிருப்புகளில் இருந்த அவர்களின் மனைவிமாருக்குச் சாவுத் தந்திகளை டாக்சி ஓட்டுநர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். படைத் தலைவர் ஹால் மூரின் மனைவி ஜூலியா மூர் அந்த வீடுகளுக்கு நேரில் போனார், ராணுவத்திடம் முறையிட்டார். அதன் பின் அமெரிக்க ராணுவம் தந்தியை விட்டு, அதிகாரியையும் பாதிரியாரையும் நேரில் அனுப்பும் முறைக்கு மாறியது. டாக்டர்கள் கெட்ட சேதியைச் சொல்வதற்காக 2000-இல் பெய்ல், பக்மன் முதலானோர் ‘ஸ்பைக்ஸ்’ என்று ஆறு படிகளை வகுத்தார்கள். இடத்தை ஒழுங்குசெய், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள், பிறகு சொல் என்று அது போகிறது. வாசலில் நின்று “பெரியவங்க இருக்காங்களா?” என்று கேட்ட என் அப்பனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. அவர் கற்றது கட்டாயத்தில், இவர்கள் வகுத்தது விருப்பத்தில். அந்த வித்தியாசம் பெரிது.

இப்போது என் கடையில் இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போடுகிறேன். சாவை இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் துக்கம் காயாமலே வருகிறார்கள். எப்படித் தெரிந்தது என்பதை அவர்களாகவே சொல்லத் தொடங்குவார்கள். குரூப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் சாவைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆனால் அண்மைக் காலமாக வேறொன்றையும் கேட்கிறேன். மகனுக்கு நேராகப் போன் போடாமல் அவனோடு அறையில் தங்கியிருப்பவனுக்கு, சூபர்வைசருக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதலில் போடுகிறார்கள். “வண்டி ஓட்டீட்டு இருக்கானுங்களா? நீங்க பக்கத்துல இருந்துட்டுச் சொல்லுங்க” என்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் பி.பி. நம்பர் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கூப்பிடப்பட்டவர் பிகார்க்காரராகவும் இருக்கலாம், எங்கள் வளவுக்காரராகவும் இருக்கலாம், கவுண்டர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். கூலி கிடையாது, மறுத்தால் கேட்பாரும் கிடையாது. ஆனாலும் போகிறார்கள்.

குரூப்பில் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் சாவு வீட்டில் யாராவது ஒருவர், நேரில் கேட்க வேண்டியவர்கள் யார் யார், அவர்களிடம் போகிறவர் யார் என்று கேட்க வேண்டும். முன்பு அந்தக் கேள்விக்கான பதிலைச் சாதி எழுதி வைத்திருந்தது. இனி அதை அந்த வீட்டுக்காரர்களே எழுத வேண்டும்.